மைக்கும் சம்பளமும்: கிங்ஸ்டனில் ஆறு நாள்

முதல் நாள், புதன்

ரொறன்ரோவில் ஏறும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணித்தியாலப் பறப்பு. ஜமெய்க்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் விமான நிலையம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல்திட்டில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே நகரம், அதற்குப் பின்னால் நீலமலை. வெளியே வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றினவள்தான், திரும்பிப் போகும்வரை அதைத் தொடவில்லை.

ஏன் வந்தேன் என்று சொல்லவேணும். ஸ்காபரோவில் ஒரு கொம்பனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவள் ஜமெய்க்காக்காரி. அவளின் சின்ன ரேடியோவால் பதினொரு வருசமாக ரெகே, அவளின் தீவு இசை, என் காதுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. போன மாரியில் ஒருநாள் ‘பாம் பாம்’ பாட்டுப் போனது. “இதைப் பாடினவ ஆர் தெரியுமோ? நியூ ஜேர்சியில ஒரு பாங்கில கணக்குப் பார்த்தவ. எங்கட ஆள்!” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த குரல், பாங்கில் கணக்கு எழுதிக்கொண்டு. அது மண்டையை விட்டுப் போகவே இல்லை. பெப்ரவரி ஜமெய்க்காவில் ரெகே மாதம் என்றாள். லீவு போட்டேன்.

தங்கல் அவளின் சித்தி வீட்டில், வின்யார்ட் டவுனில். எனக்கும் அவர் அன்ரிதான். கேற்றைத் திறக்கவே கருகின மணம். ஈரப்பலாக்காயை முழுசாகத் தணலில் போட்டுத் தோல் கரிக்கட்டையாகும்வரை சுட்டு, சீவி, வெண்ணெய் தடவித் தந்தார். அம்மம்மா வீட்டில் கறியாகவும் பொரியலாகவும் தின்ற சாமான். சுட்டும் தின்னலாம் என்று ஐம்பது வயதில்தான் தெரிகிறது.

“என்ன பார்க்க வந்தனீ பிள்ளை?”

“பொம்பிளை டீஜேக்களைப் பற்றி அறிய, அன்ரி.”

“தட்டுப் போடுறவையையோ, வாய் போடுறவையையோ?”

இது முதல் பாடம். இங்கே டீஜே என்றால் இசைத்தட்டுப் போடுகிற ஆள் இல்லை. அவர் செலக்டர். தாளம் ஓட ஓட மைக்கைப் பிடித்துச் சொல்லை அடுக்கி அடிக்கிறவர்தான் டீஜே. ராகம் போட்டுப் பாடுகிறவர் சிங்கர். மூன்றும் மூன்று தொழில், மூன்றுக்கும் மூன்று மரியாதை. ஒரு பெண்ணைப் பாட விடுவார்கள். மைக்கைக் கொடுத்து வாய் போட விடுவதற்குத்தான் கனகாலம் எடுத்தது என்றார் அன்ரி.

இரண்டாம் நாள், வியாழன்

ஓரேஞ்ச் வீதி. ஒருகாலத்தில் இந்த வீதி முழுக்க இசைத்தட்டுக் கடைகளாம். இப்போது பூட்டின கதவுகள், ரயர் கடை, நிறம் உரிந்த சுவரோவியங்கள். 135ஆம் இலக்கத்தில் அகஸ்டஸ் பாப்லோ என்ற ரெகே இசைக்காரரின் ‘ரொக்கர்ஸ் இன்டர்நாஷனல்’ கடை இன்னும் திறந்திருக்கிறது. கூரை வரைக்கும் ஏழு அங்குலத் தட்டுகள். எங்கள் வீட்டு றெக்கோட்டில் நடுவில் சின்னத் துளைதான் இருந்தது. இதில் ஐந்து சதக் காசு போகிற அளவுக்கு ஓட்டை.

நான் பாட்டுக் கேட்க முதல் லேபிளைப் படித்தேன். தொழில் பழக்கம். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலை உருவிவிட்டுத் தாளம் மட்டும், அதன் பெயர் ‘வேர்ஷன்’. அந்த வெறும் தாளம்தான் ‘ரிடிம்’. அதன்மேல் இன்னொருத்தர் வாய் போடலாம், அதற்கு அடுத்த வருசம் இன்னொருத்தர். ரிடிம் தயாரிப்பாளரின் சொத்து. வாய் போட்ட ஆளுக்கு அநேகமாகக் கையில் ஒருதரம் கொஞ்சக் காசு, அதோடு சரி. ஒப்பந்தம் எழுதினவர்கள் குறைவு. கணக்குக்காரிக்கு இது போதும், மிச்சக் கதை தானாக விளங்கும்.

‘பாம் பாம்’ கதை அப்படித்தான். சிஸ்டர் நான்சி, இயற்பெயர் ஒப்லின் ரசல், 1962-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். அண்ணன் பிரிகேடியர் ஜெரியும் பெரிய டீஜே. 1982-ல் ‘வண், டூ’ என்ற அல்பத்துக்குப் பத்தாவது பாட்டு ஒன்று குறைந்தது. தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலியிடம் ‘ஸ்டாலாக்’ என்ற பழைய ரிடிம் கிடந்தது. இருபது வயதுப் பெண் அதன்மேல் யோசிக்காமல் வாய் போட்டுவிட்டு வந்தார். அந்த இடநிரப்பிதான் பிறகு படங்களில் வந்தது, கான்யே வெஸ்ட், ஜே-சீ என்ற அமெரிக்க ராப்காரர்களின் பாட்டுகளுக்குள் புகுந்தது. அவரோ 1996-ல் அமெரிக்கா போய்ப் பாங்கில் வேலை பார்த்தார். 2014-ல் ஒரு சப்பாத்து விளம்பரத்தில் தன் குரலைத் தொலைக்காட்சியில் கேட்ட பிறகுதான் வழக்கறிஞரைப் பிடித்தார். பத்து வருசப் பாக்கியும் பாட்டில் பாதி உரிமையும் கிடைத்தன. முப்பத்திரண்டு வருசத்தில் பத்து. மிச்ச இருபத்திரண்டை நான் கடையில் நின்றபடியே மனதுக்குள் கணக்குப் போட்டேன், ஆத்திரம்தான் வந்தது.

அவர் ஒருத்தர் மட்டுமென்றால் விதி என்று விடலாம். பிலிஸ் டிலன் என்ற சிங்கர், ‘ட்ரெஷர் ஐல்’ ஸ்ரூடியோவில் உருகி உருகிப் பாடியவர், 1967-ல் நியூயோர்க் போய்ப் பாங்கில் சேர்ந்தார். லீவு கிடைக்கும்போது கிங்ஸ்டனுக்குப் பறந்துவந்து பாடிவிட்டுத் திரும்பி வேலைக்குப் போவார். சூசன் கடோகன் இங்கத்தைய பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர். 1975-ல் அவரின் பாட்டு பிரித்தானியாவில் நாலாம் இடம். டோன் பென் 1967-ல் ‘நோ நோ நோ’ பாடிவிட்டுத் தீவை விட்டே போய், இருபது வருசம் கழித்துத் திரும்பிவந்தார். அதே பாட்டைப் புதுசாகப் பாடி 1994-ல் உலகம் சுற்றவைத்தார். ஆண்களும் ஏமாந்தார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மேடை தொடர்ந்து இருந்தது. இவர்களுக்கு அடுத்த நாள் காலை எட்டரைக்கு மேசை இருந்தது.

காசோலையில் கையெழுத்துப் போட்ட பெண்களும் இதே சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். சோனியா பொட்டிஞ்சர் அறுபதுகளிலேயே சொந்தமாகத் தயாரித்தவர். ஆண்கள் கோட்டையில் முதல் பெண். கொஞ்சத் தூரத்தில் நோத் பரேட் 17ஆம் இலக்கத்தில் ‘ரண்டீஸ்’ கடையைப் புருசனோடு நடத்தின பட்ரீசியா சின். தகப்பன் வழி இந்திய வம்சம், தாய் வழி சீனம். கடை மேல்மாடியில் ஸ்ரூடியோ, கீழே கவுண்டரில் அவர். 1979-ல் நியூயோர்க்கில் தொடங்கின அவர்களின் ‘வீபி றெக்கோட்ஸ்’ இன்றைக்கு ரெகே விற்கும் நிறுவனங்களில் மிகப் பெரியது. பெயரில் ‘பீ’ அவர்.

இரண்டு தட்டு வாங்கினேன். வீட்டில் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் ஹோப் வீதி 56, பொப் மார்லியின் வீடு, இப்போது நூதனசாலை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வழிகாட்டிப் பெடியன் நல்லாகப் பாடினான். ஐ-த்ரீஸ் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அந்த ஒரு வசனத்தில் மூன்று ஆட்கள். ரீட்டா மார்லி, ஜூடி மோவட், மார்சியா கிரிஃபித்ஸ். 1974-ல் மூன்றுபேரும் மார்லிக்குப் பின்குரலாகச் சேர்ந்தபோது மார்சியா ஒன்றும் புதுமுகமில்லை. பதினாலு வயதில் கரிப் தியேட்டர் மேடையில் ஏறினவர், 1970-ல் பொப் அன்டியோடு பாடின பாட்டுக்குப் பிரித்தானியாவில் ஐந்தாம் இடம். எங்கள் கொம்பனி நத்தார் விருந்தில் எல்லாரும் வரிசையாக நின்று ‘எலெக்ட்ரிக் ஸ்லைட்’ ஆடுவோமே, அந்தப் பாட்டும் மார்சியாவின் குரல்தான். பத்துத்தரமாவது ஆடியிருப்பேன், ஆர் பாடுவது என்று ஒருதரம் கேட்டதில்லை. ஜூடி மோவட்டின் ‘பிளாக் வுமன்’ 1979-ல் வந்தது. ரெகேக்கான கிராமி விருதுப் பட்டியலில் இடம்பிடித்த முதல் பெண்ணும் அவர்தான். வெளியே கடையில் அவரின் தட்டு இருக்கோ என்று கேட்டேன். பொப்பின் முகம் போட்ட சாவிக்கொத்து இருந்தது.

பின்னேரம் சௌத் காம்ப் வீதியில் அல்பா வரை அன்ரியோடு நடந்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தின, போக்கிடம் இல்லாத பெடியன்களுக்கான பள்ளிக்கூடம். ரெகேக்கு முந்தின ஸ்கா இசையில் பேர்போன ஸ்காட்டலைட்ஸ் குழுவைத் தொடங்கினவர்களில் டொன் டிரமண்ட், டொமி மக்கூக், ஜோனி மூர், லெஸ்டர் ஸ்டேர்லிங் நாலுபேரும் இங்கே ஊதிப் பழகினவர்கள். பின்னாளில் எலோமேன் என்ற டீஜேயும் இங்கத்தைய பெடியன். இவர்களுக்கெல்லாம் தாய் மாதிரி இருந்தவர் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ். 1921-ல் பிறந்து 2003-ல் இறந்தவர். அவருக்கு இசைத்தட்டுப் பைத்தியம். ஜாஸ், புளூஸ், கியூபா, ஸ்கா என்று நூற்றுக்கணக்கில் சேர்த்து, பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு சவுண்ட் சிஸ்டமே வாங்கி, முற்றத்தில் பெரிய பெட்டிகளை வைத்துத் தானே தட்டுப் போடுவாராம். தலையில் முக்காடு, கையில் றெக்கோட். இந்தத் தீவின் பெண் செலக்டர்களுக்கு வரிசை எழுதினால் முதல் பெயர் ஒரு கன்னியாஸ்திரியாக இருக்கவேணும்.

என்னைப் படிப்பித்த கன்னியர் மடத்தில் விடுதிப் பிள்ளை ஒருத்தியின் ட்ரான்சிஸ்டரைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினார்கள். ஆண்டுக் கடைசியில் பற்றரி கசிந்துதான் திரும்பிவந்தது. அன்ரிக்குச் சொன்னேன். “உங்களுக்குப் பிழையான சிஸ்டர் கிடைச்சிருக்கு” என்றார்.

நான்காம் நாள், சனி

பப்பீனில் றூட் ராக்சி பிடிக்கும்போது செருப்பு வார் அறுந்தது. மூலையில் இருந்த சப்பாத்துக்காரர் கறுப்பு நூலால் தைத்துத் தந்துவிட்டு, “லிக்கிள் மோர்” என்றார், பிறகு பார்ப்பம் என்ற கருத்து. பின்சீற்றில் நாலுபேர், மடியில் ஒரு பிள்ளை, ஆர் பிள்ளை என்று கடைசிவரை தெரியவில்லை. ஆற்றோரமாக வளைந்து வளைந்து கோர்டன் டவுன்.

சதுக்கத்தில் மிஸ் லூவின் சிலை. லூயிஸ் பெனட், 1919-ல் பிறந்த கவிஞர், நடிகை. ரெகேயும் பாடவில்லை, டீஜேயும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் தவிர வேறு கதைத்தால் அடி விழுந்த காலத்தில், சந்தைக்காரிகளின் பாட்வா மொழியை அப்படியே மேடைக்கும் ரேடியோவுக்கும் கொண்டுவந்தவர். ‘கொச்சை’ என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். எங்களுக்குத் தெரியாத சுளிப்பா? மேடையில் செந்தமிழ், குசினியில் ‘எண்டு’ம் ‘இஞ்ச’யும். பின்னால் வந்த ஒவ்வொரு டீஜேயும், முக்கியமாகப் பெண்கள், வாய் திறந்து தாய் பேசின மொழியிலேயே அடித்தது மிஸ் லூ வெட்டின பாதையால்தான்.

சிலைக்குக் கீழே நின்று அன்ரி ஒரு விசயம் சொன்னார். மிஸ் லூ கடைசிக் காலம் கனடாவில்தான் இருந்தார், 2006-ல் இறந்ததும் ஸ்காபரோவில்தான். 2006-ல் நானும் ஸ்காபரோவில்தான் இருந்தேன். ஒரே கடையில் வரிசையில் நின்றுகூட இருக்கலாம்.

இரவு டான்ஸ். கிழக்குக் கிங்ஸ்டனில் தகரவேலி அடைத்த ஒரு வளவு. இரும்புப் பீப்பாயைப் பிளந்து கோழி வாட்டுகிற புகை. மூலைக்கு மூலை ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிகள். பாஸ், அந்த அடித்தள முழக்கம், காதால் வருவதில்லை, நெஞ்செலும்பால் வருகிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சனி இரவு என்றால் விடிய இரண்டு மணிக்கு நிறுத்தவேணும். ஆட்கள் ஒரு மணிக்குத்தான் வரத் தொடங்கினார்கள்.

செலக்டர் ஒரு பெட்டை, இருபத்தைந்து இருக்குமோ என்னவோ. எல்லா விரலிலும் நீட்டு நகம், வலது கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாள். அந்த இரண்டு விரலாலேயே முழு இரவையும் நடத்தினாள். தோளுக்கும் காதுக்கும் இடையில் ஹெட்போன், இடது கையில் மைக். அல்டன் எல்லிஸ் 1967-ல் பாடின ஒரு காதல் பாட்டைப் போட்டாள். அரை நிமிசம்கூட இல்லை, அதே பாஸ், மேலே பெண் குரல்: மார்சியா எய்ட்கன், 1977. சனம் வாயால் சத்தம் போட்டது. அதே பாஸ், அல்தியாவும் டொனாவும். ட்ரினிட்டி என்ற ஆண் டீஜே தன் மூன்று துண்டு கோட்சூட்டைப் பற்றிப் பீற்றிக்கொண்டு பாட, பதினேழும் பதினெட்டும் வயதான இரண்டு பெட்டைகள் அதே ரிடிமில் ‘எங்கட உடுப்பைப் பார்’ என்று எதிர்ப்பாட்டுப் போட்டார்கள். 1978 பெப்ரவரியில் பிரித்தானியாவில் முதலிடம்! பகிடியாகத் தொடங்கினது. அதற்கு மேல் ஷான் போலும் சாஷாவும், 2003. ஒரே பாஸ் முப்பத்தாறு வருசத்தை ஐந்து நிமிசத்தில் கடந்து வந்துவிட்டது.

பிறகு ‘ஸ்டாலாக்’. முதலில் டெனர் சோவின் ‘றிங் த அலாம்’. அடுத்தது என்ன என்று எனக்கே தெரிந்தது. சிஸ்டர் நான்சியின் முதல் சொல் விழுந்ததுதான் தாமதம், ஆட்கள் உள்ளங்கையால் தகரவேலியை அடித்தார்கள், இடி மாதிரி. செலக்டர் பாட்டை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி தொடங்கினாள். இதுதான் இங்கத்தைய கைதட்டல்: பாட்டை முடிய விடாமல் திரும்பத் தொடங்க வைப்பது. மூன்றுதரம் இழுத்தாள். அன்ரி வேலியோரம் நின்று ஒருதரமும் அடிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் அந்தப் பெட்டை என்னிடம் எந்த நாடு என்று கேட்டாள். இலங்கை, தமிழ் என்றேன். “எம்.ஐ.ஏ!” என்று கத்தினாள். அந்தப் பெயரில் பாடுகிற தமிழ்ப் பாடகி, எங்கள் ஆளொருத்தி, டான்ஸ்ஹால் என்ற இந்த டான்ஸ் வளவு இசையில் இருந்து எடுத்துக்கொண்டதை 2005-லிருந்து உலகம் கேட்கிறது, சரிதான். எந்த டான்ஸிலும் செலக்டராக நிற்கப் போனால் முதலில் என்ன கேட்பார்கள் என்று நான் கேட்டேன். “உன்ர காதலன் எங்க, பெட்டியை அவன்தானே தூக்கிக்கொண்டு வாறான் எண்டு கேப்பினம்” என்றாள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

எழும்பப் பத்து மணி. அன்ரி அதற்கிடையில் தேவாலயம் போய் வந்து, தேங்காய்ப்பாலில் சிவப்பு அவரைவிதை போட்டுச் சோறும் அவித்துவிட்டார். ஸ்பானிஷ் டவுன் போவதாக இருந்தோம். கோஃபி என்ற பாடகியின் ஊர். 2000-ல் பிறந்த மிக்கெய்லா சிம்சன். தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்து, 2020 ஜனவரியில் ‘ரப்சர்’ என்ற ஐந்து பாட்டுத் தட்டுக்குச் சிறந்த ரெகே அல்பத்துக்கான கிராமி. அதை வாங்கின முதல் பெண், வயதில் ஆகச் சின்ன ஆளும் அவர். மழை பிடித்துக்கொண்டது, போகவில்லை. விறாந்தையில் இருந்து லேடி சோ என்ற பெண் டீஜேயைப் பற்றிக் கதைத்தோம்.

இயற்பெயர் மரியன் ஹோல், சென்ற் மேரி மாவட்டத்துக் கலீனா ஊர்க்காரி. கிங்ஸ்டனுக்கு வந்து துறைமுகப் பக்கம் வரிச்சலுகை வலயத்து ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். டெனர் சோ மேல் இருந்த மதிப்பில் அந்தப் பெயர். அன்ரியும் எண்பதுகளில் அதே வலயத்தில் தைத்தவர். “அடுத்த மெசினில இருந்தவ எண்டு சொன்னா நீ நம்புவாய். ஆனா இல்லை, அவ வேற கட்டடம்” என்றார்.

லேடி சோவின் சில பாட்டுகளை அம்மா இருக்கும் அறையில் போடமுடியாது. ஆண் டீஜேக்கள் படுக்கையறையை விலாவாரியாகப் பாடிக் கைதட்டு வாங்கின மேடையில், அவர் அதையே பெண்ணின் பக்கத்தால் பாடினார், குறையையும் சேர்த்து. உடனே ‘ஸ்லாக்னெஸ்’ என்று கூச்சல். ஆபாசம், ஒழுக்கக்கேடு. அதற்கும் ஒரு பாட்டிலேயே பதில்: திருத்தாத றோட்டுத்தான் ஸ்லாக்னெஸ், வாக்குத் தவறின அரசாங்கம்தான் ஸ்லாக்னெஸ். பல்கலைக்கழகத்தில் கரொலின் கூப்பர் போன்றவர்கள் அவரை எடுத்துப் பேசினார்கள். 2004-ல் ‘நோ டவுட்’ குழுவோடு சேர்ந்து கிராமி. பெண் டீஜே ஒருத்திக்கு அது முதல்தரம். 2015 டிசம்பரில் ஞானஸ்நானம் எடுத்துப் பழைய பாட்டுகளை விட்டுவிட்டார். இப்போது போதகர் மரியன் ஹோல்.

எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம் என்றேன். அன்ரிக்குப் பிடிக்கவில்லை. “ஏன்? அப்பவும் ஒருத்தரிட்டயும் கேட்டுச் செய்யேல்லை. இப்பவும் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை.”

ஆறாம் நாள், திங்கள்

விமானம் பின்னேரம். பெட்டி அடுக்கிவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனேன். அன்ரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கலலூ என்பார்கள், எங்கள் தண்டுக்கீரைச் சாதி. சனிக்கிழமை ஏன் தகரத்தில் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

கீரையைக் கீழே வைத்தார். 1986. வெள்ளிக்கிழமை, சம்பள நாள். தொழிற்சாலைப் பெட்டைகள் எட்டுப்பேர் ஒரு டான்ஸுக்குப் போனார்கள். ‘ஸ்டாலாக்’ வேர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. மைக்குக்குப் பெடியன்கள் வரிசையில் நிற்க, இவர் இடையால் புகுந்து பறித்துவிட்டார். எட்டு வரி. அவ்வளவுதான் அவருடைய டீஜே வாழ்க்கை. மூன்றாம் வரியிலேயே சனம் தகரத்தை அடித்ததாம். “அடி வாங்கினவள் நான். அடுத்தவைக்கு அடிக்கக் கை வராது.”

அந்த எட்டு வரியும் ஞாபகம் இருக்கோ?

எனாமல் பேசினைக் கவிழ்த்து மடியில் வைத்தார். பெருவிரலால் பாஸ், மற்ற விரல்களால் ஸ்நேர் மேளம். பாட்வாவில் பொரிந்து தள்ளினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மேற்பார்வைக்காரன் கக்கூசுக்குப் போற நேரத்தையும் மணிக்கூட்டில் பார்த்துச் சம்பளத்தில் கழிக்கிறான். கழிக்கிறதைக் கழி, என் ஊசி உன் காற்சட்டையைத் தைக்கிற நாள் வரும், எந்த இடத்தில் குத்தும் என்று நினைத்துக்கொள். முப்பத்தைந்து வருசத்துக்கு மேலான கோபம், ஒரு சொல் தடக்கவில்லை.

ஃபோனை எடுத்தேன். இன்னொருதரம் சொல்லுங்கோ, பதிவு செய்யட்டா?

“பதிவெண்டா காசு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆயிரம் டொலர்த் தாள் ஒன்றை நீட்டினேன், ஜமெய்க்கா டொலர்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, சட்டைக்குள் செருகினார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து எட்டு வரியும். இந்தமுறை கடைசி வரிக்குப் பிறகு பேசினை இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார்.

ஃபோன் கோப்புக்குப் பெயர் கேட்டது. “என்ன பெயர் போட, அன்ரி?”

1986-ல் மைக்கில் சொன்ன பெயரைச் சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழை. திருத்தினேன்.